கயிற்றில் வைக்காத கால்

மரக்காணம்
8.6.2025

தம்பி அய்யப்பனுக்கு அக்கா அம்பிகா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரியும் என் மருமகள் வெண்ணிலாவும் திண்டிவனத்தில் சுகமாக இருக்க கெங்கையம்மன் துணை இருப்பாள். இங்கே நாங்கள் இருக்கிறோம்.

ஆளுக்கொரு போன் வைத்திருக்கிற காலத்தில் அக்கா கடுதாசி எழுதுகிறாளே, பைத்தியம் பிடித்துவிட்டதா என்பாய். உன்னை ஊரைவிட்டுத் தள்ளிவைத்த அன்று, இனிமேல் உன்னோடு பேச மாட்டோம் என்று வீட்டுக்கு வீடு கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணினோம். போனில் பேசினாலும் பேச்சுதானே? ஆனால் எழுத மாட்டேன் என்று நான் சத்தியம் பண்ணவில்லை. மூன்று மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டு இந்த வழியைக் கண்டுபிடித்தேன். உன் அக்காவுக்கும் மூளை இருக்கிறதடா. பதிலை வீட்டு விலாசத்துக்குப் போட்டு என்னை மாட்டிவிடாதே. மரக்காணம் மீன் மார்க்கெட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிற ராஜாமணி அக்கா பேருக்குப் போடு. கூடையோடு தினமும் அங்கேதான் உட்காருகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தெற்குக் குப்பத்துப் பெரியவர் மண்ணாங்கட்டி கடலில் செத்ததை விழுப்புரத்தில் ஒரு பெரிய அதிகாரி திரும்ப விசாரிக்கப் போகிறாராம். அந்த ஆளின் பெண்டாட்டி லட்சுமியம்மாள் மனு கொடுத்திருக்கிறாள். செப்டம்பரில் உன்னையும் கூப்பிடுவார்கள். நம் ஊர் முழுக்க ஒரே பேச்சில் நிற்கிறது. ஊர்ப்படகு நங்கூரக் கயிறு அறுந்து தானாக மிதந்து போய் மோதியது, அதில் யாரும் இல்லை, அந்த ஆள் குடித்துவிட்டு விளக்கும் இல்லாமல் தூங்கியிருக்கிறார். நீ ஒருவன்தான் வேறு சொல்கிறாய். ஆடியில் கூழ் வார்க்கும்போது கயிறு போடுவார்கள். வந்து காலை வைத்துவிடு. ஊரும் உன்னைச் சேர்த்துக்கொள்ளும், விசாரணையும் முடிந்துபோகும். உன் மாமா ஊருக்குத் தலைமை நாட்டாராக இருக்கிறார் என்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு கட்டைவிரலைத்தானே கேட்கிறார்கள்?

உன் அக்கா,
அம்பிகா

*

திண்டிவனம்
15.6.2025

அக்காவுக்குத் தம்பியின் வணக்கம். உன் கடுதாசியை வெண்ணிலா சத்தமாகப் படித்தாள். உன் குரலைக் கேட்ட மாதிரியே இருந்தது என்று என் வீட்டுக்காரி அழுதாள். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்குகிறேன். தூசியில் இருமல் வருகிறது, அவ்வளவுதான். மாமா சுகமா? உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

அக்கா, நீயும் ஊர்க்கதையையே என்னிடம் சொல்கிறாயே. மாசி மாதம் அந்த விடியற்காலையில் என் சின்னப் படகில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தேன். ஊர்ப்படகு மிதந்து வரவில்லை. என்ஜின் போட்ட வேகத்தில் வந்தது. ஓட்டினவன் பனிக்குத் தலையோடு துண்டு சுற்றியிருந்தான், முகம் தெரியவில்லை. மோதினவன் நிற்காமல் போய்விட்டான். நான்தான் அந்தப் பெரியவரைத் தண்ணீரிலிருந்து என் படகுக்குள் இழுத்துப் போட்டேன். அவர் வாயில் சாராய வாடையே இல்லை. "லைட்டு காட்டிக்கினுதானப்பா இருந்தேன்" என்றார். அதற்குமேல் பேச்சு வரவில்லை.

மறுநாள் கோயில் முன்னால் மணலில் கயிற்றை நீட்டிப் போட்டார்கள். வீட்டுக்கு ஓர் ஆம்பளையாக வந்து, வலது கட்டைவிரல் கயிற்றில் படும்படி நின்று, "ஊர் சொன்னதுதான்" என்றார்கள். நான் ஒரு முழம் பின்னால் நின்றேன். என் கையில் செத்த மனிதரைக் குடிகாரர் என்று எப்படிச் சொல்வேன்? ஓட்டினவன் யாரென்று எனக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியும். அவனைப் பிடித்துக் கொடுப்பது என் வேலை இல்லை. கண்ணால் பார்த்ததை மட்டும் விழுப்புரத்தில் சொல்லத்தான் போகிறேன்.

மணிமாறன் எப்படி இருக்கிறான்? தொழிலுக்குப் போகிறானா? தாய்மாமன் கேட்டேன் என்று சொல்.

அன்புத் தம்பி,
அய்யப்பன்

*

மரக்காணம்
24.6.2025

தம்பிக்கு ஆசீர்வாதம். இருமலுக்குச் சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் குடி. எனக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. உன் மாமாவுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, மாத்திரை போடு என்றால் சண்டைக்கு வருகிறார்.

நீ எழுதியதைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கயிறு என்றால் உனக்கு அவ்வளவு இளப்பமா? அப்பா கடலில் போன வருஷம் உனக்கு நாலு வயசு. உனக்கு ஒன்றும் தெரியாது, எனக்குத் தெரியும். அப்போது புயல் இன்னும் ஓயவில்லை. அன்றைக்கும் இதே கயிற்றைத்தான் போட்டார்கள். "யாரும் வலை போடக்கூடாது, எல்லாரும் தேடப் போவணும்" என்றார்கள். கால் வைத்த ஒருத்தரும் பின்வாங்கவில்லை. பெண்டாட்டி பிள்ளை அழ அழப் போனார்கள். அப்பா உடம்பு கரைக்கு வந்தது அதனால்தான். அதற்கப்புறம் நீ துடுப்புப் பிடிக்கிற வரைக்கும், கரைக்கு வந்த ஒவ்வொரு படகிலும் அம்மாவுக்கு ஒரு பங்கு மீன் எடுத்து வைத்தார்கள். அதுவும் கயிற்றில் கால் வைத்துச் சொன்ன சொல்தான். நீ தின்று வளர்ந்த சோறு அந்தக் கயிறு போட்ட சோறுடா!

அவனவன் தனக்குச் சரியென்று பட்டதையே செய்வேன் என்று நின்றால் கடற்கரையில் எவன் பிழைப்பான்? யோசித்துப் பார். வெண்ணிலாவை நன்றாகப் படிக்கச் சொல். மழைக்கு முன்னால் ஒரு கைப்பிடி நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்புகிறேன்.

அம்பிகா

*

திண்டிவனம்
6.7.2025

அக்காவுக்கு வணக்கம். நீ சொன்ன சுக்கு மிளகில் இருமல் குறைந்திருக்கிறது. அப்பாவைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு ரெண்டு நாள் மண்டியில் மூட்டைகளை இடம் மாற்றி இறக்கித் திட்டு வாங்கினேன். நீ சொன்னது பொய்யில்லை. அதனால்தான் உடனே பதில் எழுத முடியவில்லை.

ஒரு வேடிக்கை கேள். வெண்ணிலாவின் காலேஜில் இங்கிலீஷ் வகுப்பில் ஆளுக்கொரு இங்கிலீஷ் சொலவடையைக் கொடுத்து, அதற்கு என்ன அர்த்தம், எங்கிருந்து வந்தது என்று எல்லார் முன்னாலும் சொல்லச் சொன்னார்களாம். இவளுக்குக் கொடுத்தது "டோ த லைன்". கோட்டில் கால்விரலை வைத்து நிற்பது. மேலே இருக்கிறவர்கள் சொன்னபடி, கூட்டத்தோடு ஒத்து நடப்பது என்று அர்த்தமாம். இவள் வீட்டுக்கு வந்து சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னாம்மா இது, நம்ம குப்பத்துக் கயிறு லண்டன் வரைக்கும் போயிருக்குது!" என்றேன்.

அது எங்கே பிறந்தது என்பதற்குப் பல கதைகள். பழைய இங்கிலீஷ் கப்பலில் மேல்தளம் முழுக்கப் பலகை. இடுக்கில் நார் அடைத்துத் தார் பூசியிருப்பார்கள், நம் தாத்தா காலத்து மரப்படகு மாதிரி. அந்தத் தார்க்கோட்டில் விரல் படும்படி மாலுமிகளை வெறுங்காலோடு வரிசையாக நிறுத்துவார்களாம். அதுதான் சரியாக இருக்கும் என்று நிறையப் பேர் சொல்கிறார்களாம். ஓட்டப்பந்தயத்தில் எல்லாரும் ஒரே கோட்டில் நிற்பதிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. குத்துச்சண்டையில் மண்ணில் கீறின கோட்டுக்கு வந்து நிற்பதிலிருந்து வந்தது என்று மூன்றாவது. பார்லிமெண்டில் ஒருவரையொருவர் கத்தியால் குத்தாமல் இருக்கக் கோடு போட்டார்கள் என்றும் ஒரு கதை உண்டாம். அது பின்னால் கட்டிவிட்டது என்று டீச்சர் சிரித்தாராம்.

எனக்கு அந்தக் கப்பல் கதைதான் மனசில் நிற்கிறது. ஏன் என்றால், பேசக்கூடாத நேரத்தில் வாயைத் திறந்தவனைத் தண்டனையாகவும் அந்தக் கோட்டிலேயே மணிக்கணக்கில் நிறுத்துவார்களாம். ஒன்றாக நிற்பதற்கும் அதே கோடு, வாயை மூடுவதற்கும் அதே கோடு. அப்பாவைத் தேடப் போட்ட கயிறு வேறு அக்கா. இது வேறு.

மணிமாறனைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லையே. அவனுக்குப் பெண் பார்க்கிறீர்களா?

அய்யப்பன்

*

மரக்காணம்
15.7.2025

தம்பிக்கு. எல்லாரும் நலமாக இருங்கள். இங்கே வெயில் தாளவில்லை.

வெண்ணிலாவுக்கு அத்தையின் முத்தம். இவ்வளவு பேசுகிற பெண் நம் வம்சத்தில் வேறு யாருமில்லை. ஆனால் உனக்குப் பிடித்த கதையை மட்டும் எடுத்துக்கொண்டாய் பார், அங்கேதான் நீ அய்யப்பன். பந்தயக் கதையை ஏன் விட்டாய்? கோட்டில் காலை வைக்காதவன் பந்தயத்திலேயே இல்லை, வெளியில் நின்று வேடிக்கை பார்க்கிறவன். உன்னை நான் வேடிக்கை பார்க்கிறவனாகப் பார்க்க விரும்பவில்லை.

மார்க்கெட்டில் இப்போது எனக்குப் பக்கத்து இடத்தில் அந்த லட்சுமியம்மாள் வந்து உட்காருகிறாள். புருஷன் போனபிறகு மீன் விற்க வந்துவிட்டாள். கூடையைத் தலையிலிருந்து இறக்க ஆளில்லாமல் என்னைத்தான் கூப்பிடுகிறாள். நான் யார் பெண்டாட்டி என்று அவளுக்குத் தெரியாது. இடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தால் வேறு இடமும் இல்லை.

ஆடி மூன்றாம் ஞாயிறு கூழ். நீ வருவாய் என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். அன்று இரவு அவர் நன்றாகச் சாப்பிட்டார். என் மானத்தைக் காப்பாற்று. கையெடுத்துக் கேட்கிறேன்.

அம்பிகா

*

திண்டிவனம்
4.8.2025

அக்காவுக்கு. நலமா என்று கேட்டுவிட்டு நேராகச் சொல்கிறேன். நேற்று நான் கூழுக்கு வரவில்லை. உன்னைத் தலைகுனிய வைத்திருப்பேன். மன்னித்துவிடு.

போன வாரம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் மணிமாறனைப் பார்த்தேன். விழுப்புரம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தான். பாதியாக இளைத்திருந்தான். சத்தியம் இருக்கிறது, பேச மாட்டான் என்று எனக்குத் தெரியும். தூரத்தில் நின்று சிரிக்கத்தான் சிரித்தேன். என்னைப் பார்த்தவன் முகம் வெளுத்துப்போய், கிளம்பிப் போய்க்கொண்டிருந்த வேறு ஏதோ பஸ்ஸில் ஓடி ஏறிவிட்டான். நான் தூக்கி வளர்த்த பிள்ளை அக்கா. சத்தியத்துக்குப் பயந்தவன் அப்படி ஓட மாட்டான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வெண்ணிலா உன் கடுதாசிகளையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, "அப்பா, அத்த முட்டிவலி எழுதுறாங்க, மாமாவுக்குச் சர்க்கரன்னு எழுதுறாங்க, கருவாடு எழுதுறாங்க. பெத்த புள்ளயப் பத்தி மட்டும் ஒரு வார்த்த இல்ல பாத்தியா?" என்றாள். அவளைத் திட்டிவிட்டேன். ஆனால் ராத்திரி நானும் அந்தக் கடுதாசிகளை எடுத்து முதலிலிருந்து படித்துப் பார்த்தேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். தலையில் துண்டு சுற்றியிருந்தவன் அவனா? இல்லை என்றால் உடனே ஒரு வரி எழுதிப் போடு. ஆமாம் என்றால் நீ எழுத வேண்டாம்.

அய்யப்பன்

*

திண்டிவனம்
29.8.2025

அக்காவுக்கு. நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருந்தால் போதும்.

பதில் வரவில்லை. தபால்காரர் தெருவில் வரும்போதெல்லாம் எழுந்து எழுந்து நின்றேன். மண்டியில் முதலாளி, "இன்னா அய்யப்பா, லவ் லெட்டரா?" என்று கேலி பண்ணினார்.

விழுப்புரத்திலிருந்து தாக்கீது வந்துவிட்டது. பதினைந்தாம் தேதி திங்கட்கிழமை காலையில் போகவேண்டும். நான் முடிவு பண்ணிவிட்டேன். இருட்டாக இருந்தது, என்ஜின் சத்தம் ஊர்ப்படகுடையதா வேறு படகுடையதா என்று நிச்சயமாகச் சொல்லமுடியாது என்று சொல்லிவிடுகிறேன். நியாயம் பேசினவன் எங்கே போனான் என்று நீ கேட்பாய். ஊரான் வீட்டுப் பிள்ளை என்றால் எனக்கு நியாயம் பேச வந்தது. என் அக்கா பிள்ளை என்றதும் நாக்கு எழவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது. வெண்ணிலா என்னிடம் பேசுவதில்லை. காலை வைத்துவிட்டேன் அக்கா. நீ நிம்மதியாகத் தூங்கு.

அய்யப்பன்

*

மரக்காணம்
4.9.2025

தம்பிக்கு அக்கா எழுதுவது. உங்கள் மூவரையும் அம்மன் காப்பாற்றட்டும்.

அவன்தான். எழுதிவிட்டேன். எத்தனை தாளைக் கிழித்தேன் என்று ராஜாமணி அக்காவைக் கேள்.

வேண்டுமென்று செய்யவில்லை. ராத்திரி முழுக்க வலை இழுத்துவிட்டு, ஐஸ் எடுத்துவர அவனைத் தனியாக அனுப்பினார்கள். தூக்கத்தில் கண் சொருகிவிட்டது என்றான். பயத்தில் ஓடிவந்துவிட்டான். போலீசுக்குப் போகலாம் என்று அன்றைக்கே அழுதான். உன் மாமாதான் அவனை அறைக்குள் தள்ளிப் பூட்டினார். "அந்தாளு லைட்டே வெக்கிலடா, உன் தப்பு இல்ல" என்று சொல்லிச் சொல்லி நம்பவைத்தோம். அவன் இப்போது கண்டமங்கலத்தில் ரூம் எடுத்துத் தங்கி, பாண்டிச்சேரியில் ஏதோ கம்பெனிக்குப் போய்வருகிறான். மீன் தின்பதில்லை. கடல் பக்கம் திரும்புவதில்லை. வீட்டுக்கு வந்தாலும் கிழக்குப் பக்க ஜன்னலைச் சாத்தச் சொல்கிறான்.

நீ காலை வைத்துவிட்டேன் என்று எழுதியதைப் படித்ததும் அப்பாடா என்று சந்தோஷப்பட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன். அன்றைக்குப் பார்த்து லட்சுமியம்மாள் தன் தூக்கிலிருந்து எனக்குக் கேப்பைக் களி எடுத்து வைத்தாள். "எனக்குக் காசும் வேணாம், யாரும் ஜெயிலுக்குப் போவவும் வேணாம்மா. எங்க ஊட்டுக்காரரு பொறந்ததுலருந்து குடிச்சதில்ல. குடிகாரருன்னு எழுதி வெச்சுட்டாங்க. அத அழிச்சாப் போதும்" என்றாள். அந்தக் களியைத் தின்னவும் முடியவில்லை, வேண்டாம் என்று தள்ளவும் முடியவில்லை. நான் என்ன பாவி தம்பி!

இருந்தாலும் பெற்றவள். நீ சொன்னபடியே விழுப்புரத்தில் சொல்லிவிடு. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

அம்பிகா

*

திண்டிவனம்
9.9.2025

அக்காவுக்கு. கடுதாசி கிடைத்தது. அழாதே, உடம்பைப் பார்த்துக்கொள். சொன்னபடி சொல்லிவிடுகிறேன்.

ஆனால் ஒன்று. மாறனிடம் அவர் விளக்கு வைக்கவில்லை என்று நீங்கள் சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை. அவர் லைட்டு காட்டினார் என்று நான் உனக்கு ஜூன் மாதமே எழுதினேனே. விசாரணையில் நான் அதை விழுங்கிவிடுகிறேன், என் தலையெழுத்து. அவனிடம் மட்டுமாவது உண்மையைச் சொல்லு. பொய்யைத் தின்றுகொண்டே எவ்வளவு நாள் உயிரோடு இருப்பான்?

அய்யப்பன்

*

மரக்காணம்
14.9.2025

என் தம்பி அய்யப்பனுக்கு,

ராஜாமணி அக்கா மகள் வீட்டுக்குத் திண்டிவனம் வருகிறாள், அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். போனில் பேசியிருக்கலாம். இனிமேல் என்னைக் கேட்கவும் ஆளில்லை. உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

விசாரணைக்கு முன்னால் ஊர்ப்பேச்சு ஒன்றாக இருக்கவேண்டும் என்று வெள்ளிக்கிழமை திரும்பக் கயிறு போட்டார்கள். இந்தத் தடவை வயசுக்கு வந்த பிள்ளைகளும் கால் வைக்கவேண்டும் என்று சொல்லி மாறனையும் வரவழைத்தார் உன் மாமா. அவன் வந்ததும் சோறு போட்டேன். போட்டுவிட்டு, "அவரு லைட்டு காட்டிக்கினுதான் இருந்தாராம்டா, உங்க மாமங்கிட்ட சொல்லிட்டுத்தான் செத்தாராம்" என்றேன். பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். "உனக்கு எப்பலருந்து தெரியும்?" என்று கேட்டான். கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டான்.

கோயிலுக்கு நானும் பின்னாலேயே ஓடினேன். வரிசையாக எல்லாரும் வந்து நின்றார்கள். நாட்டார் என்பதால் உன் மாமாதான் முதலில் காலை வைத்தார். மாறன் முறை வந்ததும் நீ நின்ற அதே மாதிரி பின்னால் நின்றான். "கால வைடா" என்றார். நிற்கிறான். "டேய், அப்பன் சொல்றேன், வைடா" என்றார். அவர் குரல் உடைந்ததை நான் ஒருநாளும் கேட்டதில்லை. மாறன், "நாந்தான்பா ஓட்னேன். தூங்கிட்டேன். அவரு மேல ஒரு தப்பும் இல்ல" என்றான், ஊருக்கே கேட்கிறமாதிரி. நான் பெண்கள் கூட்டத்திலிருந்து வெளியே வந்து என் பிள்ளை பக்கத்தில் போய் நின்றேன். அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன். தைரியமெல்லாம் ஒன்றுமில்லை.

எங்கள் இரண்டு பேரையும் தள்ளிவைத்துக் கற்பூரம் ஏற்றினார்கள். உன் மாமா கயிற்றிலிருந்து காலை எடுக்கவில்லை. எங்களைப் பார்க்கவும் இல்லை. முதலில் கையை நீட்டிக் கற்பூரத்தை அணைத்தவர் அவர்தான். முப்பது வருஷம் ஒரே பாயில் படுத்தவர், இனிமேல் என்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டார். மாத்திரையை எங்கே வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம்.

ராஜாமணி அக்கா வீட்டில்தான் இருக்கிறோம். நேற்று மார்க்கெட்டில் லட்சுமியம்மாளிடம் நானே சொன்னேன், நான் யார், என் பிள்ளை யார் என்று. அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கூடையைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

நாளைக்குக் காலையில் அவனைக் கூட்டிக்கொண்டு விழுப்புரம் வருகிறேன். நீயும் வா. ஆனால் உன்னை முதலில் கூப்பிட்டால் உள்ளே போய்விடாதே தம்பி. அவன் சொன்னபிறகு நீ பார்த்ததை அப்படியே சொல். உன்னால் மாட்டினான் என்று இருக்கக்கூடாது. என் பிள்ளை தானாகவே போய்ச் சொன்னான் என்று இருக்கட்டும்.

உன் அக்கா,
அம்பிகா